ஜாங்கோவில் எஸ்கியூலைட் கோப்பின் பாதை: ரன்சர்வரில் சரி, சிஸ்டம்டியில் ஒரு பிழை, கிரானில் வேறொரு பிழை

கேள்வி

வணக்கம். ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைச்செயலி எழுதும் சட்டகம்) எழுதிய சிறிய செயலி ஒன்றை உபுண்டு சர்வரில் ஏற்றியிருக்கிறேன். செட்டிங்ஸ் கோப்பில் எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) தரவுத்தளத்தின் பெயராக, முன்னால் எந்த அடைவும் இல்லாமல், "டிபி.எஸ்கியூலைட்3" என்று மட்டும் கொடுத்துள்ளேன். புராஜெக்ட் அடைவுக்குள் நின்று ரன்சர்வர் (ஜாங்கோவின் சோதனைச் சர்வரை ஓட்டும் கட்டளை) கொடுத்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அதையே சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கி நிர்வகிக்கும் நிரல்) வழியாக ஜியூனிகார்ன் என்ற பைத்தான் வலைச் சர்வரில் ஓட்டினால் தரவுத்தளக் கோப்பைத் திறக்க இயலவில்லை என்ற பிழை வருகிறது. இரவில் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் நிரல்) இயக்கும் ஜாங்கோவின் மேனேஜ் கட்டளையோ, அப்படியொரு டேபிளே இல்லை என்கிறது. முழுப் பாதையை எழுதிவிடலாம்தான், ஆனால் சர்வரில் உள்ள அந்த அடைவு என் மடிக்கணினியில் கிடையாது. முறையான வழி எது?

மறுமொழி 1

சார்புப் பாதை (உங்களுடையதைப் போல "/" இல் தொடங்காத பாதை), செட்டிங்ஸ் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படுவதில்லை. ஓடும் ப்ராசஸின் நடப்பு அடைவிலிருந்தே கணக்கிடப்படுகிறது. தனியாகச் சொல்லாவிட்டால் சிஸ்டம்டியின் சிஸ்டம் சர்வீஸ்களுக்கு அது ரூட் அடைவு, அதாவது வெறும் "/". அங்கே எழுதும் உரிமை உங்கள் சர்வீஸ் பயனருக்கு இருக்காது என்பதால் கோப்பைத் திறக்க முடியவில்லை. கிரானுக்கு நடப்பு அடைவு, அந்தப் பயனரின் ஹோம் அடைவு. அங்கே எழுத முடியும். கோப்பு இல்லையென்றால் எஸ்கியூலைட் கேள்வி கேட்காமல் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், அதில் டேபிள் எப்படி இருக்கும்? ஹோம் அடைவில் பாருங்கள், அதே பெயரில் 0 பைட் கோப்பு ஒன்று பெரும்பாலும் கிடக்கும். சர்வீஸின் நிலையை உறுதி செய்ய, "/ப்ராக்" அடைவில் அதன் ப்ராசஸ் எண்ணுக்குள் இருக்கும் "சிடபிள்யூடி" என்ற இணைப்பு எங்கே சுட்டுகிறது என்று பாருங்கள்.

தீர்வு, புதிய ஜாங்கோ புராஜெக்டுகளின் செட்டிங்ஸ் கோப்பில் தானாகவே வரும் பேஸ்_டிர் மாறிதான். அது செட்டிங்ஸ் கோப்பின் சொந்த இடத்திலிருந்து இரண்டு படி மேலே ஏறி, புராஜெக்ட் அடைவின் முழுப் பாதையைத் தருகிறது. அதனுடன் கோப்புப் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் மடிக்கணினியிலும் சர்வரிலும் அந்தந்த இடத்துக்குரிய முழுப் பாதை கிடைக்கும்.

மறுமொழி 2

இவ்வளவு எதற்கு? சிஸ்டம்டி யூனிட் கோப்பில் (சர்வீஸின் அமைப்புகள் உள்ள கோப்பு) வொர்க்கிங்டைரக்டரி என்று ஒரு வரி சேர்த்தால் போதுமே.

மறுமொழி 3

அந்த வரி சர்வீஸைச் சரிசெய்யும், கிரானைச் சரிசெய்யாது. நாளை வேறொருவர் வேறு அடைவில் நின்று மைக்ரேட் (டேபிள்களை உருவாக்கும் ஜாங்கோ கட்டளை) கொடுத்தால், டேபிள்களெல்லாம் எவரும் தேடாத ஒரு புதுக் கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். பிழைச் செய்திகூட வராது.

பேஸ்_டிர் பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டையும் தனி அடைவில் வைத்து, "கரண்ட்" என்ற குறியீட்டு இணைப்பை மட்டும் மாற்றும் முறையில் நீங்கள் ஏற்றுவதாக இருந்தால், பேஸ்_டிர் கணக்கில் உள்ள ரிசால்வ் அழைப்பு இணைப்பைப் பின்தொடர்ந்து அசல் வெளியீட்டு அடைவுக்கே போய்விடும். அடுத்த வெளியீட்டில் தரவுத்தளம் பழைய அடைவிலேயே தங்கிவிடும், தளம் வெறுமையாகத் தெரியும். ஆகவே டெம்ப்ளேட் போல நிரலுடன் பயணிக்கும் கோப்புகளுக்கு பேஸ்_டிர் சரி. தரவுத்தளம், பயனர்கள் ஏற்றும் படங்கள் போன்றவற்றை நிரல் அடைவுக்கு வெளியே, "/வார்/லிப்" அடைவில் உங்கள் செயலிக்கென ஓர் உள்ளடைவில் வைத்து, அதன் முழுப் பாதையைச் சூழல் மாறி (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு மதிப்பு) வழியாகக் கொடுங்கள். மாறி இல்லாதபோது மட்டும் பேஸ்_டிர் பாதையை எடுக்கும்படி எழுதினால் மடிக்கணினியில் எதையும் அமைக்க வேண்டியதில்லை. ஆனால் கிரான் உங்கள் ஷெல்லின் சூழலைப் படிக்காது. கிரான்டேப்பிலும் (கிரானின் அட்டவணைக் கோப்பு) அந்த மாறியை எழுதியாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நீங்கள் சொன்னபடியே ஹோம் அடைவில் 0 பைட் கோப்பு இருந்தது. தரவுத்தளத்தை "/வார்/லிப்"பிற்குள் மாற்றிவிட்டேன். படிக்க முடிகிறது, ஆனால் சேமிக்கும்போது இன்னும் பிழை வருகிறது. கோப்பின் உரிமையாளரைச் சர்வீஸ் பயனருக்கு மாற்றிய பிறகும் அதே நிலைதான்.

மறுமொழி 3

கோப்பின் உரிமையை மட்டும் மாற்றியிருப்பீர்கள். எழுதும் ஒவ்வொரு முறையும் எஸ்கியூலைட் தன் ஜர்னல் கோப்பை (எழுதும்போது பாதுகாப்புக்காக வைக்கும் தற்காலிகக் கோப்பு) பக்கத்திலேயே உருவாக்கும் என்பதால் அந்த உள்ளடைவிலும் சர்வீஸ் பயனருக்கு எழுதும் உரிமை வேண்டும். உள்ளடைவுக்கும் சௌன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) கொடுங்கள். கிரான் வேறு பயனரின் பெயரில் ஓடுகிறதென்றால் அதையும் இதே பயனருக்கு மாற்றிவிடுங்கள்.