பீடோங்குக்கு 5ஜி வந்தது, தோட்டத்துக்கு எப்போது?

செமிலிங்_மாணவி:

எங்கள் வட்டார வாட்சாப் குழுவில் ஒருவர், "5ஜி பட்டணத்து ஆடம்பரம். அந்தச் செலவில் தோட்டங்களுக்கு ஒழுங்கான 4ஜி கொடுத்திருக்கலாம்" என்று எழுதியிருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. விரிவாகப் பேச வேண்டிய விஷயம் என்பதால் இங்கே தொடங்குகிறேன்.

நான் மலேசியாவின் கெடாவில், பீடோங்கில் வாடகை வீட்டில் தங்கி பார்மசி படிக்கிறேன். வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிற மாணவர்கள் இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டு ஃபைபர் எடுக்க முடியாது. போன் டேட்டாதான் எங்களுக்கு எல்லாம். ஒரு மணி நேர விரிவுரைப் பதிவு தெளிவான படத்தில் 1 ஜிபி அளவுக்கு வரும். முன்பெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் திறப்போம், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது கடையில் ரொட்டி சானாய் மேசைக்கு வருவதற்குள் இறங்கிவிடுகிறது. செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், மெர்போக்கில் யூஐடிஎம் பல்கலைக்கழகம், சுங்கை பட்டாணியில் ஆசிரியர் கல்விக் கழகம் என்று இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் படிக்கிற பிள்ளைகள். பட்டணத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் வேகம் எங்களுக்கும் கிடைத்தால் அது ஆடம்பரமா?

மூன்றாம்_லயம்:

தங்கச்சி, அதை எழுதியது நான்தான். இங்கேயும் அதையேதான் சொல்வேன்.

கடைத்தெருவிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு மோட்டாரில் கால் மணி நேரம். செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்குள் நுழைந்ததும் போனில் சிக்னல் கோடு குறைய ஆரம்பிக்கும். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு வந்தால் ஒரு கோடு, தகரக் கூரைக்குள் போனால் அதுவும் இல்லை. என் மகள் இந்த வருஷம் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு எழுதுகிறாள். குசினி ஜன்னல் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதில் என் போனைப் போட்டு ஹாட்ஸ்பாட் திறந்து வைத்தால்தான் அவளுடைய லேப்டாப்பில் ஏதோ ஓடும். பை கொஞ்சம் திரும்பினாலும் போச்சு. அந்த நேரம் யாராவது எனக்கு அழைத்தால் இணையம் அப்படியே நின்றுவிடும். அவள் பாடம் படிக்கும்போது என்னை யாரும் கூப்பிடக் கூடாது என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம்.

உங்களுக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, இப்போது வேகமாக ஓடுகிறது. எங்களுக்கு ஓடவே இல்லை. காசு முதலில் எங்கே போயிருக்க வேண்டும்?

செமிலிங்_மாணவி:

அண்ணே, உங்கள் மகளுடைய கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 5ஜிக்காக 4ஜியைக் கைவிட்டார்கள் என்பது சரியில்லை. 2020இல் நாடு முழுக்க இணையத்தை மேம்படுத்தும் ஜெண்டெலா திட்டம் தொடங்கியபோதே, முதல் கட்டத்தில் மக்கள் வாழும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி என்று இலக்கு வைத்தார்கள். 5ஜி தனி வழியில் வந்தது. டிஎன்பி என்ற ஒரே நிறுவனம் கோபுரங்களில் கருவிகளைப் பொருத்தி, அந்த 5ஜி சேவையை எல்லாச் சேவை நிறுவனங்களுக்கும் மொத்தமாக விற்றது. 2021 டிசம்பரில் புத்ராஜெயா, சைபர்ஜெயா, கோலாலம்பூரில் சில பகுதிகள் என்று தொடங்கி, 2023 முடிவதற்குள் மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டைத் தொட்டார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகக் கட்டியிருந்தால் முதலில் கிள்ளான் பள்ளத்தாக்கு, அப்புறம் பினாங்கு, ஜொகூர் பாரு என்று போயிருப்பார்கள். பீடோங் மாதிரி ஊர் வரிசையில் கடைசியில்தான் நின்றிருக்கும்.

ஓய்வு_வாத்தியார்:

இரண்டு பேரும் அந்த "மக்கள் வாழும் பகுதி" என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆள் நெருக்கமாக இருக்கும் இடத்தை முதலில் முடித்தால் 80 விழுக்காடு சீக்கிரம் வந்துவிடும். மிச்சம் யார்? சிதறிக் கிடக்கும் தோட்ட லயங்கள், கம்பங்கள் என்கிற கிராமங்கள், சபா, சரவாக் உட்பகுதிகள், ஓராங் அஸ்லி பழங்குடிக் குடியிருப்புகள். 96.9 என்று வைத்தாலும் அந்த விளிம்பில் நிற்பவர்கள் இவர்கள்தான். 2020இல் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுத மரத்தில் ஏறி இரவைக் கழித்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதே சமயத்தில் எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தோட்டத்துச் சாலையோரம் குடையோடு உட்கார்ந்து பாடம் இறக்கினார்கள். அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் பிடிக்காது. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நான் பார்த்த வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன். அதையும் அப்பா காலையில் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். சாயந்திரம் அவர் குளித்துவிட்டு வந்தபின் மூத்தவனுக்கு முக்கால் மணி நேரம், அடுத்தவளுக்கு அரை மணி, கடைக்குட்டிக்குத் தூக்கம் வந்துவிடும். 4ஜியோ 5ஜியோ, கையடக்கத் திரையில் கட்டுரை எழுதிப் பழக முடியாது. தோட்டத்து மண்டபத்துக்கு ஒரு ஃபைபர், பத்து மேசை, கணினி. நாம் கேட்க வேண்டியது அதுதான்.

டவர்_வேலை:

சுங்கை பட்டாணியில் இருக்கிறேன், கோபுரம் ஏறி ஆன்டெனா மாட்டுவதுதான் என் தொழில். சில விஷயங்களைத் தெளிவுபடுத்தலாம் என்று வந்தேன்.

அண்ணன் சொன்ன அந்த அழைப்பு வந்தால் இணையம் நிற்கிற பிரச்சினைக்குக் காரணம் உண்டு. 2021 கடைசியோடு 3ஜியை மூடிவிட்டார்கள். 4ஜி வழியாகவே குரல் அழைப்பு எடுக்கும் வசதி போனில் இல்லாவிட்டால், அல்லது அமைப்பில் அது திறக்கப்படாமல் இருந்தால், அழைப்பு வரும்போது போன் 2ஜிக்கு இறங்கும். இறங்கினால் டேட்டா நின்றுவிடும். அமைப்பில் வோல்டி என்று இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். போன் பழையதாக இருந்து அந்த வரியே இல்லையென்றால் வேறு வழியில்லை.

அடுத்தது அலைவரிசை. கடைத்தெருவில் தங்கச்சிக்குக் கிடைக்கும் வேகம் பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸில் வருவது. வேகம் அதிகம், தூரம் குறைவு. செம்பனை ஓலை, அதுவும் மழையில் நனைந்த ஓலை, அதை நன்றாகவே உறிஞ்சிவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அப்படியில்லை. வேகம் குறைந்தாலும் தூரம் போகும், மரத்தையும் சுவரையும் ஓரளவு தாண்டும். டிஎன்பிக்கு இரண்டும் உண்டு. அதனால் 5ஜி என்றாலே தோட்டத்துக்கு உதவாது என்று சொல்ல முடியாது. எந்த அலைவரிசை, கோபுரம் எவ்வளவு தூரம், கோபுரத்துக்கு ஃபைபர் வந்திருக்கிறதா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரிய தடை நிலம். தோட்டம் கம்பெனி சொத்து. கோபுரம் போட கம்பெனி கையெழுத்து வேண்டும், கனரக வண்டி போகப் பாதை வேண்டும், மின்சாரம் இழுக்க வேண்டும். சில நூறு பேருக்காக ஒரு கோபுரம் என்றால் எந்தச் சேவை நிறுவனத்துக்கும் கணக்கு ஒத்துவராது.

மூன்றாம்_லயம்:

சில நூறு பேர் என்று எப்படி எண்ணுகிறீர்கள் தம்பி? எங்கள் லயத்தில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன, உண்மை. ஆனால் இந்தோனேசியாக்காரர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ராத்திரியானால் எல்லாரும் செம்பனைப் பழம் கொட்டும் மேடைக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று ஊருக்குப் பேசுகிறார்கள், அங்கேதான் இரண்டு கோடு வரும். என் பக்கத்து வீட்டு இந்தோனேசியாக்காரர் தன் குழந்தையின் முகத்தை அந்த மேடையில் நின்றுதான் முதன்முதலில் பார்த்தார். அவர்களும் மாதாமாதம் ரீலோட் போடுகிறார்கள். அவர்களை யார் கணக்கில் சேர்த்தார்கள்?

2024 நவம்பரில் இரண்டாவது 5ஜி வலையமைப்புக்கு யூ மொபைலைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார்கள். கடைத்தெருவில் இரண்டு 5ஜி ஆகும். எங்களுக்குப் பழைய ஒரு கோடு.

பலகாரக்கடை_அக்கா:

நானும் தோட்டத்துக்காரிதான். முறுக்கு, அதிரசம் சுட்டு வாட்சாப்பில் ஆர்டர் எடுக்கிறேன். ஆளுங்கள் வாசலுக்கு வந்து கியூஆர் ஸ்கேன் பண்ணிக்கொண்டு நிற்பார்கள், பணம் வந்ததா வரவில்லையா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வீடியோ வேண்டாம், விரிவுரை வேண்டாம். பணம் வந்தது என்று சொல்லும் ஒரு சின்னச் செய்தி வந்தால் போதும். தீபாவளி நேரத்தில் தெரிந்த முகமாக இருந்தால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டிருக்கிறேன், சில பணம் இன்னும் வரவில்லை.

கம்பத்துக்காரன்77:

கோபுரம் கேட்கிறீர்களே, கதிர்வீச்சு? லயத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்?

டவர்_வேலை:

அந்தக் கேள்வி நியாயம்தான். இது எக்ஸ்ரே மாதிரியான கதிர் இல்லை, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி இதற்குக் கிடையாது. 2011இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடியோ அலையை "2பி" பிரிவில், அதாவது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம், சான்று போதாது என்ற பிரிவில் வைத்தது. பாதுகாப்பு வரம்பு வைத்துத்தான் அளக்கிறோம். இன்னொன்று, கோபுரம் தூரத்தில் இருந்தால் காதோரம் இருக்கும் உங்கள் போன் அதைத் தொட அதிக சக்தியோடு கத்தும். கோபுரம் கிட்டே இருந்தால் போன் மெதுவாகப் பேசும்.

செமிலிங்_மாணவி:

அண்ணே, அக்கா இருவர் சொன்னதையும் படித்தேன். உங்களுக்கு முதலில் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்கு வந்தது வீண் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னோடு படிக்கிறவர்களில் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும் முன் பீடோங்கில் உட்கார்ந்து வாரப் பாடம் மொத்தத்தையும் இறக்கிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். டவுனில் வேகம் இல்லாவிட்டால் அவர்களுக்கு அதுவும் இல்லை.

வாத்தியார் ஐயா, மண்டபத்துக்கு ஃபைபர் நல்லதுதான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை செம்பனைச் சாலையில் நடந்து மண்டபத்துக்குப் போய்ப் படிக்க எந்த அம்மா விடுவார்? இணையம் வீட்டுக்குள் வர வேண்டும். அதற்குக் கோபுரம்தான் வழி.

ஓய்வு_வாத்தியார்:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மண்டபத்தைச் சாயந்திர நேரத்துக்குக் கேட்போம். ஆனால் கேட்காமல் விடக் கூடாது.

டவர்_வேலை:

யாரிடம் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உரிமம் பெற்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கணக்கிடப்படும் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டைச் சேவை எட்டாத இடங்களுக்கான நிதியில் போட வேண்டும். அதை நடத்துவது தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எம்சிஎம்சி. கோபுரம் லாபம் தராத இடத்துக்காகவே இருக்கிற பணம் அது. "லைன் இல்லை" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. எந்த இடத்தில், எந்த நிறுவனத்தின் சிம்மில், வீட்டுக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று அளந்து, இருப்பிடக் குறியோடு அனுப்புங்கள். தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் கூட இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மூன்றாம்_லயம்:

நிர்வாகத்திடம் நான் பேசுகிறேன். தொழிலாளிக்கு வீடு, தண்ணீர், மின்சாரம் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அந்தக் காலத்தில் யாரும் இணையத்தை நினைக்கவில்லை, இன்று அதுவும் தண்ணீர் மாதிரிதான். கையெழுத்துப் போடுவதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

மனுவில் லயம் லயமாக அளந்து எழுதுவோம். வெளிநாட்டுத் தொழிலாளிகளின் கையெழுத்தையும் வாங்குவோம், அவர்கள் பயப்பட்டால் எண்ணிக்கையை மட்டும் போடுவோம். அக்காவின் கியூஆர் கதையும், வாத்தியார் ஐயாவின் மண்டபமும் உண்டு. தங்கச்சி, "700 மெகாஹெர்ட்ஸில் 5ஜி" என்று முதல் வரியில் போடச் சொல்வீர்கள். நான் முதல் வரியில் "வீட்டுக்குள் கேட்கிற 4ஜி" என்றுதான் போடுவேன். உங்களுடையது இரண்டாவது வரி.

செமிலிங்_மாணவி:

இரண்டாவது வரியில் இருந்தால் சரி. சனிக்கிழமை அளக்க நானும் இரண்டு தோழிகளும் வருகிறோம், எங்களிடம் மூன்று நிறுவனங்களின் சிம் இருக்கிறது. மேடைக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாமா, மூன்றாம் லயத்திலிருந்தா?