நாக்கிங்குக்கு என்ன பேரு வைக்கலாம்: தட்டொலியா, ஓரவெடியா?

வணக்கம் அண்ணே, காரு எஞ்சின்ல கடகடன்னு அடிக்கிற நாக்கிங்க வெளிச்சத்த வச்சு கண்டுபிடிக்கிற ஆப்டிக்கல் நாக் சென்சருக்கு, 'ஒளிவழித் தட்டொலி உணரி'ன்னு நீங்க நேத்து போட்ட பேர பாத்தேன். சொல்லு அழகா தான் இருக்கு, ஆனா எனக்கு ஒரு இடத்துல இடிக்குது. அந்த உணரி எந்த ஒலியையும் கேக்கலையே!

இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க பெங்கலுக்கு (கார் பட்டறைக்கு) வர்ற பழைய காடிங்க (காருங்க), தோட்டத்து மேட்டுல நாலு பேர வச்சுக்கிட்டு ஏறுனா கடகடன்னு அடிக்கும், எல்லாரும் 'நாக் அடிக்குது'ன்னு தான் சொல்றாங்க, ரோன் 95 பெட்ரோல் ஊத்துறவரு ஒருதடவ நாக்க இன்னும் நல்லா தாங்குற 97 ஊத்திட்டு சத்தம் கொறஞ்சிருச்சு லான்னு வந்து சொல்வாரு. சாதா நாக் சென்சர் (பீசோ வகை) எஞ்சின் பிளாக்ல போல்ட் போட்டு இறுக்கியிருக்கும், 6, 7 கிலோஹெர்ட்ஸ் கிட்ட வர்ற அதிர்வ பிடிச்சு கம்ப்யூட்டருக்கு சொல்லும், அது ஸ்பார்க் டைமிங்க, அதாவது பொறி விழற நேரத்த, பின்னுக்குத் தள்ளும். அதுக்கு 'தட்டல் உணரி' போதும், மறுபேச்சு இல்ல.

ஒளி உணரி கத வேற. ஒரு வகையில நீலக்கல் இழை வைப்பாங்க, 2000 டிகிரி செல்சியசுக்கு மேல தான் உருகும், நுனியில மெல்லிசா உலோகப் பூச்சு, சூடேற சூடேற அது ஒளி விடும், அந்த வெளிச்சத்த அளந்தா வெப்பநிலை கெடைச்சிடும். ஸ்பார்க் பிளக்கோட மின்சார இரைச்சலும் இழைக்குள்ள புகாது. நாக் அடிக்கும்போது சுவர ஒட்டி நிக்கிற வாயுப் படலம் கலைஞ்சு சூடு குபீர்னு உலோகத்துல ஏறும் பாருங்க, இது பாக்குறது அந்த ஏத்தத்த.

அப்ப சத்தத்துக்கு இல்ல, நடக்குற விஷயத்துக்கு பேரு வேணும். தம்பி ஒருத்தர் 'முந்தெரிவு'ன்னாரு, அது பொறி விழறதுக்கு முன்னாடியே பத்திக்கிறதுக்கு வேணும், இத அதோட கொழப்பக் கூடாது. நாக்குங்கிறது பொறி விழுந்து நெருப்பு பரவிக்கிட்டு வரும்போது, இன்னும் பத்தாத ஓரத்து வாயு அழுத்தத்துலயும் சூட்டுலயும் தானா வெடிக்கிறது. தீபாவளிக்கு சரவெடி கொளுத்துனா ஒன்னொன்னா வெடிச்சுக்கிட்டு வரும்ல, திரி போய்ச் சேர்றதுக்குள்ள வால் பக்கம் மொத்தமா வெடிச்சா எப்படி, அப்படி.

மொதல்ல 'கடைவெடிப்பு'ன்னு எழுதினேன், வீட்டுக்காரம்மா படிச்சிட்டு எந்தக் கடைன்னு கேட்டாங்க. அழிச்சிட்டேன். 'ஓரவெடிப்பு'ன்னு மாத்தி எங்க பழைய போர்மேன்கிட்ட காட்டுனா அவரு சிலிண்டர் ஹெட்டுல விரிசல்னு நெனச்சுக்கிட்டாரு, அதுவும் நியாயம் தான்.

அதனால 'ஓரவெடி', அவ்வளவு தான். கருவிக்கு 'ஒளிவழி ஓரவெடி உணரி'. பழைய பீசோவுக்கு 'தட்டல் உணரி' அப்படியே இருக்கட்டும். என்ன சொல்றீங்க அண்ணே?