மஸ்டாங் ஸ்டீயரிங் பாக்ஸில் தகடு இல்லை, 16ஆ 19ஆ? அவசரம்

ஹூஸ்டன்_கார்த்தி:
வணக்கம். ஃபோர்டு மஸ்டாங்கின் ஸ்டீயரிங் பாக்ஸ் மூடி போல்ட்டில் ஒரு சின்னத் தகடு மாட்டியிருக்கும் என்கிறார்கள். என்னுடையதில் இல்லை. ரீபில்ட் செய்த பாக்ஸ் ஒன்று பேசி வைத்திருக்கிறேன், கடைக்காரர் ஸ்டீயரிங் ரேஷியோ 16 வேண்டுமா 19 (19.9) வேண்டுமா என்கிறார், அதாவது பாக்ஸிலிருந்து வரும் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வீலை எத்தனை சுற்றுத் திருப்ப வேண்டும் என்பது. நாளைக்குள் சொல்ல வேண்டும். வண்டியை விற்றவர் பவர் ஸ்டீயரிங் என்றுதான் விற்றார், ஆனால் பாக்ஸில் ஒரு ஹோஸ்கூட இல்லை. யாராவது பவரைக் கழற்றிவிட்டு மேனுவல் பாக்ஸ் போட்டுவிட்டார்களா? ஸ்டீயரிங்கில் தளர்ந்த ஆட்டம் வேறு. படம் கீழே.

பழைய_இரும்பு:
படத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை தம்பி. எந்த வருடம்? ஆறு சிலிண்டரா, வி8ஆ? பாக்ஸ் வண்டியில் இருக்கிறதா, கழற்றி மேசையில் வைத்திருக்கிறீர்களா?

சேகினா_ரசிகன்:
பேசாமல் ஜெனரல் மோட்டார்ஸின் சேகினா 800 பாக்ஸ் ஒன்றைத் தேடிப் போடுங்கள். உள்ளுக்குள்ளேயே பவர், மேலே நான்கு போல்ட் மூடி, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். செவ்ரோலெ செவெல் கார் வைத்திருப்பவர்கள் 90களின் கிராண்ட் செரோக்கி ஜீப்பிலிருந்து எடுத்து மாட்டுகிறார்கள், அருமையாகத் திரும்பும்.

பழைய_இரும்பு:
அது செவெல். இவரிடம் இருப்பது ஃபோர்டு. வண்டிச் சட்டத்தில் (ஃபிரேமில்) போல்ட் ஓட்டையே சேராது.

குரு_289:
இதெல்லாம் இங்கே பலமுறை பேசி முடித்த விஷயம். கேள்வி போடும் முன் பழைய இழைகளைப் புரட்டினால் என்ன? சரி, இன்னொரு முறை சொல்கிறேன். ஃபோர்டு பாக எண்ணில் முதல் எழுத்து பத்தாண்டு: சி என்றால் 1960கள், டி என்றால் 1970கள். அடுத்த இலக்கம் வருடம். மூன்றாவது எழுத்து வண்டி: இசட் மஸ்டாங், ஓ ஃபேர்லேன், டி ஃபால்கன், ஏ பெரிய ஃபோர்டு. நடுவில் 3504 வந்தால் ஸ்டீயரிங் கியர், 3590 வந்தால் பிட்மேன் ஆர்ம், அதாவது பாக்ஸின் தண்டில் மாட்டி லிங்க்கை ஆட்டும் கை. பாக்ஸைத் துடைத்துவிட்டு வார்ப்பு எண்ணைப் படியுங்கள், விடை அதிலேயே இருக்கிறது. அதுவும் முடியாவிட்டால் விஐஎன் (வண்டியின் அடையாள எண்) இருக்கவே இருக்கிறது.

ஹூஸ்டன்_கார்த்தி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். விஐஎன் 6எஃப்07சி என்று தொடங்குகிறது. பாக்ஸ் வண்டியில்தான் இருக்கிறது.

மெஷின்ஷாப்_லதா:
6 என்றால் 1966, எஃப் என்றால் டியர்பார்ன் ஆலையில் கட்டியது, 07 ஹார்ட்டாப், சி என்றால் 289 எஞ்சின், இரண்டு பேரல் கார்புரேட்டர். அவ்வளவுதான் அது சொல்லும். ஸ்டீயரிங் ரேஷியோவைப் பற்றி விஐஎன்னிலும் இல்லை, கதவில் இருக்கும் டேட்டா பிளேட்டிலும் இல்லை.

குரு சார் எழுத்துகளைச் சொன்னது சரி. ஆனால் வார்ப்பு எண் வெளிக்கூட்டின் எண். 16க்கும் 19.9க்கும் அதே கூடுதான், உள்ளே இருக்கும் வார்மும் (திருகுத் தண்டு) அதன் மேல் ஓடும் பால் நட்டும்தான் வேறு. பழைய 19.9 கூட்டுக்குள் 16 கிட் போட்டு மாற்றுவதும் சகஜம். அதனால் தகடு கிடைத்தாலும் நான் நம்பமாட்டேன். 65, 66 தகட்டில் ஹெச்சிசி-ஏடி என்றிருந்தால் 19.9, ஹெச்சிசி-ஏஎக்ஸ் என்றிருந்தால் 16. ஆனால் அறுபது வருடத்தில் அந்த மூடியை எத்தனை பேர் திறந்தார்களோ, எந்தத் தகட்டை எந்த பாக்ஸில் மாட்டினார்களோ.

ஹோஸ் விஷயம்: 66 மஸ்டாங்கில் பவர் வந்தாலும் பாக்ஸ் மேனுவல் பாக்ஸ்தான். பிட்மேன் ஆர்ம் முனையில், சென்டர் லிங்க்கோடு (இரு பக்கச் சக்கரங்களையும் திருப்பும் நடுக்கம்பி) ஒரு கன்ட்ரோல் வால்வு இருக்கும். தனியாக ஒரு சிலிண்டர் லிங்க்கைத் தள்ளும், அதன் மறுமுனை சட்டத்தில் பிடித்திருக்கும். பம்பிலிருந்து வரும் ஹோஸ் எல்லாம் அந்த வால்வுக்கும் சிலிண்டருக்கும்தான் போகும். வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

ஹூஸ்டன்_கார்த்தி:
இருக்கிறது அக்கா! சிலிண்டரும் இருக்கிறது, ஒழுகலும் இருக்கிறது. அப்படியானால் யாரும் எதையும் கழற்றவில்லை. ஆனால் 16ஆ 19ஆ?

பழைய_இரும்பு:
பவர் வண்டி என்றால் ஃபேக்டரியில் 16 போட்டிருப்பார்கள். உங்கள் வண்டி இன்னும் ஃபேக்டரி மாதிரியேதான் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மெஷின்ஷாப்_லதா:
அளந்துவிடலாம், அரை மணி நேர வேலை. முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓட வேண்டாம். சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி, அதே பக்கமாகவே திருப்பிக்கொண்டு ஆட்டத்தை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங் வீலில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சரியாக ஒரு முழுச் சுற்று. பிட்மேன் ஆர்ம் எத்தனை டிகிரி நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். 16:1 என்றால் 360ஐ 16ஆல் வகுத்து 22.5 டிகிரி. 19.9 என்றால் 18 டிகிரி.

சேகினா_ரசிகன்:
போனில் லெவல் ஆப் இருக்கிறதே, ஆர்மில் ஒட்டிவிட்டால் டிகிரி காட்டிவிடும்.

மெஷின்ஷாப்_லதா:
காட்டாது. இந்த வண்டியில் செக்டர் தண்டு (பிட்மேன் ஆர்ம் மாட்டியிருக்கும் தண்டு) கீழ்நோக்கி வருகிறது, ஆர்ம் கிட்டத்தட்ட கிடைமட்டமாக ஆடுகிறது. லெவல் ஆப் சாய்வைத்தான் அளக்கும், அது பூஜ்யத்திலேயே நிற்கும். காம்பஸ் ஆப் போடலாம் என்று நினைக்காதீர்கள், சுற்றிலும் இரும்பு.

அட்டையும் சாக்பீஸும் போதும். ஆர்முக்குக் கீழே அட்டையை அசையாமல் வையுங்கள். ஆர்ம் முனையின் மையத்திலிருந்து ஒரு குண்டுநூல் தொங்கவிட்டு ஆரம்பத்தில் ஒரு புள்ளி, முடிவில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் எவ்வளவு? அதை ஆர்மின் நீளத்தால், அதாவது செக்டர் மையத்திலிருந்து முனை மையம் வரை உள்ள தூரத்தால் வகுங்கள். 0.39 வந்தால் 16. 0.31 வந்தால் 19.9. டிகிரி மாற்றவே தேவையில்லை.

குரு_289:
தகடு இருந்தால் இத்தனை வித்தை தேவையில்லை.

மெஷின்ஷாப்_லதா:
தகடு இல்லை என்பதுதானே சார் கேள்வி.

ராக்கர்_ராஜா:
எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ரேக் அண்ட் பினியன் (பல்சக்கரம் ஒரு பல்கம்பியை நேராகத் தள்ளும் ஸ்டீயரிங்) மாற்றுங்கள் கார்த்தி. இந்த வார்ம் கியர் தலைவலியெல்லாம் போய்விடும். நம்ம ஊர் அம்பாசடர் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பழைய வார்ம் பாக்ஸ் எவ்வளவு கொடுமை என்று.

பழைய_இரும்பு:
அம்பாசடரில் ரேக் அண்ட் பினியன்தான் ராஜா.

ராக்கர்_ராஜா:
இல்லவே இல்லை. என் மாமா 1970களில் ஓட்டினார், கையே போய்விடும்.

பழைய_இரும்பு:
கை போனதற்கு டயரும் கிங்பின்னும் காரணமாக இருக்கலாம். வண்டி மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் பிள்ளை, மோரிஸ்காரர்கள் 1948 ஆக்ஸ்ஃபோர்டிலேயே ரேக் போட்டுவிட்டார்கள். நீங்கள் பிரீமியர் பத்மினியோடு குழப்பிக்கொள்கிறீர்கள். அது ஃபியட் 1100 வழி, அதில்தான் வார்ம்.

ராக்கர்_ராஜா:
மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

குரு_289:
இழை எங்கே போகிறது பாருங்கள்.

சேகினா_ரசிகன்:
அவருடைய ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மூடியில் ஒரு ஸ்க்ரூ, அதைச் சுற்றி லாக் நட் இருக்கும். நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கினால் சரியாகிவிடும்.

மெஷின்ஷாப்_லதா:
தயவு செய்து கண்ணை மூடிக்கொண்டு இறுக்காதீர்கள். அந்த ஸ்க்ரூ செக்டர் பல் எவ்வளவு அழுந்துகிறது என்பதற்கானது. முதலில் வார்ம் பேரிங் சரியாக இருக்க வேண்டும், அப்புறம்தான் இது, அதுவும் லிங்க்கைக் கழற்றிவிட்டு, பாக்ஸ் சரியாக நடுவில் இருக்கும்போது. நடுவில்தான் பல் மிக நெருக்கமாகப் பிடிக்கும். ஓரத்தில் வைத்து ஆட்டம் போகும்வரை இறுக்கினால் நடுவுக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும், நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. லிங்க் கழற்றிய பாக்ஸை வேகமாகச் சுழற்றி முட்ட விடவும் வேண்டாம், உள்ளே இருக்கும் பால் கைடு நசுங்கும்.

ஆட்டத்துக்கு பாக்ஸ்தான் காரணம் என்று எப்படி முடிவு செய்தீர்கள் கார்த்தி? ஐட்லர் ஆர்ம் புஷ், டை ராட் முனை, கன்ட்ரோல் வால்வு பால் ஸ்டட் என்று பாக்ஸுக்கு வெளியே இருக்கும் மூட்டெல்லாம் பார்த்தாயிற்றா? ஒருவரை ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே இருந்து பாக்ஸில் கை வைத்துப் பாருங்கள். பாக்ஸே சட்டத்தில் அசைகிறதா?

பழைய_இரும்பு:
ஆமாம், ஆர்டர் போடும் முன் அதைப் பாருங்கள். 66இல் பாக்ஸிலிருந்து ஸ்டீயரிங் வீல் வரை ஒரே தண்டு. பாக்ஸைக் கழற்ற வீல், ஸ்டீயரிங் காலம் (தண்டைச் சுற்றியுள்ள குழாய்) எல்லாம் கழற்றி, பாக்ஸை அந்த நீளத் தண்டோடு கீழ்வழியாக உருவ வேண்டும். வி8இல் இடது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வேறு குறுக்கே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். கடையில் 68க்கு அப்புறம் வந்த குட்டைத் தண்டு பாக்ஸைத் தலையில் கட்டினாலும் வாங்காதீர்கள். அது மோதினால் மடியும் ஸ்டீயரிங் காலத்துக்கானது, செக்டர் தண்டும் 1 அங்குலம் இல்லை, 1⅛. உங்கள் பிட்மேன் ஆர்ம் ஏறாது.

ஹூஸ்டன்_கார்த்தி:
அட்டை வைத்து அளந்தேன், மூன்று முறை. 0.38, 0.39, 0.39. அப்படியானால் 16. பாக்ஸைச் சட்டத்தில் பிடிக்கும் மூன்று போல்ட்டில் இரண்டு கையாலேயே சுற்றின. இறுக்கிவிட்டேன், பாதி ஆட்டம் போய்விட்டது. ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன். லதா அக்காவுக்கு நன்றி.

மெஷின்ஷாப்_லதா:
நல்லது. மூன்றாவது போல்ட்டையும் கழற்றி மரை தேய்ந்திருக்கிறதா பாருங்கள், சட்டத்தில் ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்றும். மீதி ஆட்டம் எங்கே இருக்கிறது?

குரு_289:
வார்ப்பு எண் என்ன வந்தது என்று சொல்லவே இல்லையே.

பழைய_இரும்பு:
ராஜா, மாமா என்ன சொன்னார்?

ராக்கர்_ராஜா:
போன் எடுக்கவில்லை.