மாமி சாக்கடலுக்குப் போகிறா: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு

மடு மாமி: பிள்ளை ரஜி, பங்குக் கோவிலில் இருந்து புனித நாட்டு யாத்திரை போகிறோம் எல்லோ. ஜோர்தானில் சாக்கடல் ஹோட்டலில் ஓரிரவு என்று போட்டிருக்கிறார்கள். நீ அம்மானில்தானே வேலை, அங்கே போய்ப் பார்த்தனியோ?

ரஜி அக்கா: ஓம் மாமி. ஒரு வெள்ளிக்கிழமை லீவுக்கு, தையல் பகுதிப் பிள்ளைகள் சேர்ந்து வான் பிடித்துப் போனோம். அம்மானில் இருந்து ஒரு மணித்தியாலம், முழுக்க இறக்கம். நடுவழியில் "கடல் மட்டம்" என்று றோட்டோரம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதுக்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போகும், காது அடைக்கும்.

சின்னவன்: கரையே கடல் மட்டத்துக்கு 430 மீற்றருக்கும் கீழே. உலகத்தில் ஆகப் பள்ளமான தரை அதுதான்.

குணம் சித்தப்பா: பள்ளம் கிடக்கட்டும். தண்ணி எப்படி?

ரஜி அக்கா: நூற்றுக்கு 34 பங்கு மட்டில் உப்பு சித்தப்பா. மற்றக் கடலில் மூன்றரைதானே. இடுப்பளவு போனதும் கால் நிலத்தில் நிற்காது, தானாகத் தூக்கிவிடும். எனக்கு விரலில் ஊசி குத்தின காயம் இருந்தது, கண்ணுக்கே தெரியாத காயம். தண்ணி பட்டதும் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது.

குணம் சித்தப்பா: கையில் வழுவழுவென்று பிடித்ததோ? நாக்கில் பட்டால் கைப்போ?

ரஜி அக்கா: ஓம்! சரியான கைப்பு. உங்களுக்கு எப்படித் தெரியும்?

குணம் சித்தப்பா: ஆனையிறவு உப்பளத்தில் 90ஆம் ஆண்டு மூடும் வரைக்கும் நின்றவனிடம் கேட்கிறாய். கடல் தண்ணி பாத்தியில் வற்ற வற்ற உப்பு விளையும். விளைந்ததை வாரின பிறகு ஒரு தண்ணி மிஞ்சும். வழுக்கும், கைக்கும். அதைத் திரும்பப் பாத்தியில் விட்டால் அடுத்த உப்பும் கைத்துப் போகும், அதனால் வெளியே திறந்து விடுவோம். உன்ரை சாக்கடல் ஏரியும் கிட்டத்தட்ட அந்தத் தண்ணிதான்.

சின்னவன்: சித்தப்பா சொல்வது சரி. அங்கே மக்னீசியம் குளோரைட்டுத்தான் கூட. கறிக்குப் போடுகிற உப்பு அதுக்குப் பிறகுதான்.

மடு மாமி: நீங்கள் இரண்டு பேரும் உப்புப் படிப்பியுங்கோ. எனக்குப் பிரஷர் இருக்கு, இறங்கலாமோ?

ரஜி அக்கா: டொக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம் மாமி. அவர் சரி என்றாலும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மல்லாந்துதான் படுக்க வேணும். குப்புற விழுந்தால் திரும்ப ஏலாது, ஆட்கள் மூழ்குவது அப்படித்தான். அந்தத் தண்ணி ஒரு வாய் குடித்தாலும் ஆபத்து. கண்ணைக் கசக்க வேண்டாம். கரையில் உப்புக்கட்டி கண்ணாடித் துண்டு மாதிரிக் கிடக்கும், செருப்போடு இறங்குங்கோ.

ரஜி அக்கா: அப்புறம், வெள்ளிச் செபமாலையை அறையிலேயே வையுங்கோ. கறுத்துப் போகும்.

மடு மாமி: நீச்சல் உடுப்பு போட மாட்டன் எண்டு இப்பவே சொல்லிப் போட்டன்.

ரஜி அக்கா: ஆர் கேட்டது? அரபுப் பெண்கள் முழு உடுப்போடுதான் இறங்குகிறார்கள். பழைய சுரிதார் ஒன்று கொண்டு போங்கோ. கறுப்புச் சேறு பூசலாம், காய்ந்ததும் கழுவி விடலாம். ஆனால் கடையில் சேற்றைப் பக்கற்றில் விற்கிற விலைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். கரையில் சும்மா கிடக்கு.

குணம் சித்தப்பா: ஏரி வற்றுது என்று கேள்விப்பட்டேன்.

சின்னவன்: ஓம். வருடத்துக்கு ஒரு மீற்றர் மட்டில் இறங்குது. அது வான்கதவு இல்லாத குளம் சித்தப்பா. தண்ணி வரும், வெளியே போக வழி இல்லை, வெயில்தான் குடிக்க வேணும். முந்தி யோர்தான் ஆறு வந்து ஈடு கட்டினது. இப்போது இஸ்ரேல், சிரியா, ஜோர்தான் மூன்றும் மேலேயே மறித்து வயலுக்கும் குடிக்கவும் எடுக்குது. ஏரியில் கிடக்கிற தண்ணியையும் தெற்கில் பொட்டாசு உரம் எடுக்கிற கொம்பனிகள் பாத்தியில் விட்டுக் காய வைக்குது.

ரஜி அக்கா: நேரில் பார்த்தால் தெரியும். தண்ணி இருந்த பழைய கரையெல்லாம் படிப்படியாக வெள்ளைக் கோடு. தண்ணி இறங்கின இடத்தில் நல்ல தண்ணி ஊறி, நிலத்துக்குள்ளே இருக்கிற உப்பைக் கரைத்து, மேலே நிலம் பொசுக்கென்று உள்ளே போகும். வேலி போட்ட பக்கம் படம் எடுக்கப் போகாதேங்கோ.

மடு மாமி: அப்போ ஓரிரவு தங்கத்தான் வேணுமோ?

ரஜி அக்கா: என்னைக் கேட்டால் தேவையில்லை. பின்னேரம் இறங்கிக் குளித்து, அக்கரை மலைக்குப் பின்னால் பொழுது படுவதைப் பார்த்தால் காணும். கோடையில் 40 பாகைக்கு மேல் வெயில், பகல் முழுக்க அறைக்குள்ளேதான் இருப்பீர்கள். அந்த நேரத்தை மோசே ஏறின நேபோ மலைக்கும் யேசு திருமுழுக்குப் பெற்ற இடத்துக்கும் கொடுங்கோ. இரண்டும் கிட்டத்தான். திருமுழுக்கு இடத்தை 2015இல் யுனெஸ்கோவும் பட்டியலில் சேர்த்தது. அங்கே யோர்தான் ஆற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம், எங்கட வாய்க்கால் அளவுதான், கலங்கல்.

சின்னவன்: மாரி காலம் என்றால் மலைப் பள்ளத்தாக்குகளுக்குள் போகாதேங்கோ மாமி. 2018 ஒக்டோபரில் திடீர் வெள்ளம் வந்து, சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள் கனபேர் அங்கே இறந்தார்கள்.

மடு மாமி: யேசுவே. இதை எல்லாம் பாதரிடம் சொல்ல வேணும். ரஜி, நேபோ மலையில் படி கனக்கவோ? முழங்கால் சரியில்லை.

ரஜி அக்கா: பஸ் மேலே வரைக்கும் போகும் மாமி. கொஞ்சத் தூரம்தான் நடை.

குணம் சித்தப்பா: மாமி, வரும்போது ஒரு சின்னப் போத்தலில் அந்தத் தண்ணி.

மடு மாமி: என்ரை பெட்டிக்குள்ளே போத்தல் உடைந்தால் நீதான் சீலை வாங்கித் தர வேணும்.