ஹீலியம் ஏற்றியும் அளவு உயரவில்லை: அவசர உதவி தேவை

காந்தக்கூடம்: எங்கள் 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். (அணுக்காந்த ஒத்ததிர்வு) கருவியின் காந்தத்துக்கு, அதைக் குளிர வைக்கும் திரவ ஹீலியத்தை இன்று காலை ஏற்றத் தொடங்கினோம். அரை மணி நேரமாகியும் அளவுமானி ஏறவில்லை. 46 விழுக்காட்டிலிருந்து 43க்கு இறங்கியிருக்கிறது. டியூவரில் (ஹீலியம் கொண்டுவந்த வெப்பக்காப்புக் கலத்தில்) இருப்பு மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. அழுத்தத்தைக் கூட்டலாமா?

வைகறை: கூட்டாதீர்கள். இப்போது எத்தனை மில்லிபார் வைத்திருக்கிறீர்கள், எந்த வாயுவால் அழுத்துகிறீர்கள், லைனை (டியூவரிலிருந்து ஹீலியம் செல்லும் குழாயை) காந்தத்துக்குள் செருகுமுன் குளிர வைத்தீர்களா, அதன் வெளிப்புறத்தில் உறைபனி படிந்திருக்கிறதா என்பவற்றைச் சொன்னால்தான் உதவ முடியும்.

அளவன்: என் ஐயம் மானியின் மீதுதான். உள்ளே இருப்பது நையோபியம்–டைட்டானியக் கம்பி. திரவத்தில் மூழ்கிய பகுதி மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகவும், வெளியே உள்ள பகுதி மின்தடையோடும் இருப்பதைக் கொண்டே அளவு தெரிகிறது. தொடர் அளவீட்டில் விட்டிருந்தால் அந்தக் கம்பியின் வெப்பமே ஹீலியத்தை ஆவியாக்கும்.

மூத்தபொறி: தம்பி, இது இங்கே பலமுறை விளக்கப்பட்ட செய்தி, தேடிப் பார்க்காமல் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜனை ஆவியாக்க ஏறத்தாழ 160 கிலோஜூல் தேவை, ஹீலியத்துக்கு 2.6 கிலோஜூலே போதும். உள்ளே கசியும் ஒரு வாட் வெப்பம் மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் தின்றுவிடும். அளவன் சொல்லும் கம்பியால் அரை மணியில் இவ்வளவு இறங்காது.

காந்தக்கூடம்: ஹீலியம் வாயுதான், 120 மில்லிபார். வெண்ணிற நாக்கு போல ஆவி சீறும் வரை குளிர வைத்த பிறகே செருகினோம். லைன் வளையும் இடத்தில் ஒரு சாண் அளவுக்குப் பனி படிந்திருக்கிறது.

வைகறை: அப்படியானால் லைனின் வெற்றிட உறை கெட்டிருக்கிறது. வழியிலேயே ஆவியாகும் ஹீலியம் சூடான வாயுவாக உள்ளே புகுந்து, இருக்கும் திரவத்தையும் வெளியே துரத்துகிறது. இப்படியே தொடர்ந்தால் காந்தம் குவென்ச் ஆகக்கூடும், அதாவது மீக்கடத்தும் நிலையை இழந்து ஹீலியத்தைச் சட்டென ஆவியாக்கிவிடக்கூடும். டியூவரின் அழுத்தத்தை வெளியேற்றி ஏற்றத்தை நிறுத்துங்கள். தளர்ந்த கையுறையும் முகக்கவசமும் அணிந்து லைனை உருவியவுடனே வாயை மூடுங்கள். தாமதித்தால் உள்ளே நுழையும் காற்று 4.2 கெல்வினில் கல்லாய் உறைந்து காந்தக் கலத்தின் கழுத்தை அடைத்துவிடும். அடைபட்ட பாத்திரத்தில் அழுத்தம் ஏறுவதுதான் இந்த வேலையிலேயே பெரிய ஆபத்து.

தென்றல்: ஆக்சிஜன் மானி எங்கே இருக்கிறது? ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பத்தில் 700 லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவாக விரியும். ஹீலியம் மேலே போவதால் மானியைக் கூரையருகே பொருத்த வேண்டும்.

மூத்தபொறி: அது பாதி உண்மை. ஏறத்தாழ 40 கெல்வினுக்குக் கீழே ஹீலியம் காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழும் நேரமும் உண்டு.

தென்றல்: அது நொடிகளில் சூடேறி எழுந்துவிடுமே. குவென்ச் ஆனால் கூரையிலிருந்துதான் அறை நிரம்பும்.

வைகறை: நைட்ரஜனும் அதே அறையில் இருப்பதால் கூரையருகே ஒன்றும் மூச்சு மட்டத்தில் ஒன்றும் வைப்பதே முறை. ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி மானி ஒலித்தால் காரணம் தேடி நிற்காமல் வெளியேறுங்கள். காந்தக்கூடம், வாயை மூடியாயிற்றா?

காந்தக்கூடம்: மூடிவிட்டோம். பக்கத்துத் துறையிலிருந்து வேறு லைன் இரவலாகக் கிடைத்தது. மறுநாள் தடையின்றி ஏறி 88 விழுக்காட்டில் நிறுத்தினோம். அனைவருக்கும் நன்றி.

அளவன்: மானி இப்போது தொடர் அளவீட்டில் இருக்கிறதா, விட்டுவிட்டு அளக்கிறதா? பழைய லைனுக்கு மீண்டும் வெற்றிடம் ஏற்றினீர்களா?

வைகறை: அடுத்த சில நாள்களுக்கு ஒரே நேரத்தில் அளவைக் குறித்து வாருங்கள். கழுத்தில் பனி சேர்ந்திருந்தால் ஆவியாகும் வேகம் வழக்கத்திலிருந்து மாறும். வெளியேற்றுக் குழாயில் வாயு ஓட்டம் குறைந்தாலோ நின்றாலோ நீங்களே குச்சி விட்டுக் குத்திப் பார்க்காமல் காந்தத்தைப் பராமரிப்பவர்களை உடனே அழையுங்கள்.