சங்கத்தின் பெயரில் அனுப்பிய மனுவை ஐ.நா. மனித உரிமைக் குழு பதிவு செய்யவில்லை: எங்கே தவறினோம்?

கேள்வி

வணக்கம். மொழிச் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி ஒன்றின் பெற்றோர் சங்கத்திற்கு நான் செயலாளர். தாய்மொழிவழிக் கல்விக்கு இருந்த அங்கீகாரத்தைப் புதிய சட்டம் ஒன்று நீக்கிவிட்டது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் சங்கமும் சில பெற்றோரும் சேர்ந்து தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. மேல்முறையீட்டால் பயனில்லை என்று வழக்கறிஞர் கூறியதால், தனிநபர்கள் இக்குழுவிடம் முறையிட வழிசெய்யும் முதலாவது விருப்ப நெறிமுறையில் எங்கள் நாடு இணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, சங்கத்தின் பெயரில் ஜெனீவாவுக்குப் பன்னிரண்டு பக்க மனு அனுப்பினோம். 'எங்கள் சமூகத்தின் சுயநிர்ணய உரிமை மீறப்பட்டுள்ளது' என்பது அதன் முதல் வரி. பதிவு செய்ய இயலாது என்று ஒரு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. இதே மனுவை மனித உரிமைப் பேரவைக்கும் அனுப்பியதுதான் காரணமா?

மறுமொழி 1

அது காரணமாக இருக்க வாய்ப்பில்லை. பேரவை என்பது 47 அரசுகள் அமர்ந்திருக்கும் அவை. அதன் முறையீட்டு நடைமுறை, தொடர்ந்து நிகழும் பாரிய மீறல்களைக் கமுக்கமாக ஆராய்வதற்கானது. நீங்கள் நாடியுள்ள குழுவோ 18 வல்லுநர்களைக் கொண்டு தனிநபர் முறையீடுகளை ஆராய்வது. ஒரே விவகாரம் வேறொரு பன்னாட்டு விசாரணையில் நிலுவையில் இருக்கக் கூடாது என்ற தடை உண்டென்றாலும், பேரவையின் நடைமுறையை அத்தகைய விசாரணையாகக் குழு கருதுவதில்லை.

பழுது உங்கள் முதல் வரியிலேயே இருக்கிறது. சுயநிர்ணய உரிமை மக்கள் இனம் ஒன்றுக்கு உரியது என்பதால், விருப்ப நெறிமுறையின் கீழ் அதைத் தனி முறையீடாக எழுப்ப முடியாது. நீங்கள் பற்றிக்கொள்ள வேண்டியது குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் சிறுபான்மையினரின் பண்பாடு, சமயம், மொழி ஆகியவற்றைக் காக்கும் 27ஆம் உறுப்பு. அதன் சொற்களைக் கவனியுங்கள்: உரிமை சிறுபான்மைச் சமூகத்திற்கு என்று கூறாமல், 'சிறுபான்மையினரைச் சேர்ந்த நபர்களுக்கு' என்றும், அதை அவர்கள் 'தம் குழுவின் ஏனையோருடன் சேர்ந்து' துய்ப்பார்கள் என்றும் கூறுகிறது. ஆகவே சமூகத்தின் குறையை ஒரு தாயோ தந்தையோ தம் குழந்தைக்கு நேர்ந்ததாகச் சொல்ல வேண்டும். படிவத்தில் பாதிக்கப்பட்டவரின் பிறந்த தேதிக்கான கட்டத்தில் என்ன எழுதினீர்கள்?

கேட்டவர்

சங்கம் பதிவான தேதியை எழுதினோம். இப்போது எண்ணினால் சிரிப்பும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. பெற்றோர் சிலர் கையொப்பமிட முன்வந்துள்ளனர். ஆனால் மேல்முறையீட்டுக்கான கெடு முடிந்துவிட்டதே, அது தடையாகுமா?

மறுமொழி 2

முன்னவர் சொன்னதை விட இதுவே பெரிய சிக்கல் என்று எனக்குப் படுகிறது. உள்நாட்டு நீதிமன்றங்களில் உள்ள தீர்வழிகளை முதலில் முடித்திருக்க வேண்டும் என்பது குழுவின் நிபந்தனை. வழக்கறிஞர் பயனில்லை என்று நினைத்தார் என்பது மட்டும் போதாது. உள்நாட்டுத் தீர்வழி பலன் தருமா என்ற வெறும் ஐயத்தைக் குழு ஏற்பதில்லை. கெடுவை நீங்களே தவறவிட்டிருந்தால் அது உங்களுக்கு எதிராகவே எண்ணப்படும். எனினும் ஒரு வாசல் உண்டு. தன் இனத்தைச் சாராத ஒருவரை மணந்ததால் பழங்குடித் தகுதியை இழந்த சாண்ட்ரா லவ்லேஸ், கனடாவுக்கு எதிராக 1977இல் முறையிட்டார். அச்சட்டம் செல்லும் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1973லேயே வேறொரு வழக்கில் தீர்ப்பளித்திருந்ததால், அவர் மீண்டும் அதே படிகளை ஏற வேண்டியதில்லை என்று குழு கருதியது. 1981இல் 27ஆம் உறுப்பு மீறப்பட்டதாகவும் முடிவு செய்தது. குழுவின் கருத்துரை நீதிமன்ற ஆணை போலத் தானாக நிறைவேறுவதன்று என்பது உண்மைதான். ஆனாலும் 1985இல் கனடா சட்டத்தைத் திருத்தியது. உங்கள் சட்டம் குறித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஏதும் இருக்கிறதா?

பள்ளி மூடப்படும் அவசரம் இருந்தால், சிறுபான்மையினர் விவகாரங்களுக்காக ஐ.நா. நியமித்துள்ள தனி வல்லுநரான சிறப்பு அறிக்கையாளருக்கும் இன்றே எழுதுங்கள். அங்கே உள்நாட்டுத் தீர்வழிகளை முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

கேட்டவர்

வழக்கறிஞரிடம் கேட்டேன். வேறொரு பள்ளி தொடுத்த வழக்கில், இதே சட்டப்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் எங்கள் வழக்குக்கு முன்பே தீர்ப்பளித்திருக்கிறது. எங்கள் மனுவில் அதைக் குறிப்பிடவே இல்லை.

மறுமொழி 2

அப்படியானால் அத்தீர்ப்பை முதல் இணைப்பாக வையுங்கள். உயர் நீதிமன்ற வழக்கில் தம் பெயர் இருந்த பெற்றோரே இதிலும் கையொப்பமிடட்டும். சங்கம் அவர்களது எழுத்துவழி ஒப்புதலுடன் பிரதிநிதியாக நிற்கலாம். முந்தைய மனு பதிவாகவில்லை என்பதால் புதிதாக அனுப்பத் தடையில்லை.