மாடியில் கீரை கொட்டிக் கிடக்கிறது, கொடுக்கத்தான் ஆள் இல்லை

நெல்லைக்காரி:
வணக்கம். அவருக்கு வேலை மாற்றல் ஆனதால் திருநெல்வேலியில் இருந்து கோவைக்கு வந்துவிட்டோம், பிள்ளைகள் வெளியூரில். மொட்டைமாடியில் பைகள் வைத்து மணத்தக்காளி, அரைக்கீரை, பிரண்டை, ஆடியில் ஊன்றிய அவரை என்று நன்றாகவே வந்திருக்கிறது. காலையில் காபி டம்ளரோடு மேலே போனால் இறங்கி வர மனசே வராது, பறித்த கையோடு சமைக்கும்போது இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருக்கும். ஆனால் வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஊரில் முருங்கைக்கீரை ஒடித்தால் நாலு வீட்டுக்குப் போகும், கொடுத்த பாத்திரமும் வெறுமனே திரும்பாது. இங்கே எந்தக் கதவும் திறந்திருப்பதில்லை. முன்பின் தெரியாத வீட்டில் போய்க் கீரைக்கட்டை நீட்டினால் என்ன நினைப்பார்கள்? நீங்கள் எல்லாம் எப்படிப் பழகினீர்கள்?

பேரூர் மாடி:
அக்கா, நானும் கோவைதாங்க. முதல் தடவையே கீரையோடு போகாதீர்கள், வேலைக்குப் போகிற வீட்டில் அதை ஆய நேரம் இருக்காது, வாடித்தான் போகும். பிரண்டைத் துவையல் அரைத்துக் கொண்டு போங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இளந்தண்டாகப் பார்த்து கணுவையும் நாரையும் எடுத்துவிட்டு, நல்லெண்ணெயில் பச்சை நிறம் போய்ச் சுருளும் வரை வதக்க வேண்டும், உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கொஞ்சம் தேங்காய், புளி மட்டும் தாராளமாக. வதக்கலும் புளியும் குறைந்தால் தொண்டை நமைக்கும், அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் போகவே முடியாது. ஒரு சின்னக் கிண்ணம் போதும்.

கீரைப்பாத்தி:
எனக்கு இதில் வேறு எண்ணம். செய்து கொடுத்தால் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள். சாயங்காலம் முறத்தில் அரைக்கீரையைப் போட்டு மாடிப்படிப் பக்கம் உட்கார்ந்து ஆய்ந்து பாருங்கள், வயதானவர்கள் யாராவது கட்டாயம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கை எடுத்துக்கொள்வார்கள். கை பாட்டுக்கு வேலை செய்யும், முகத்தைப் பார்த்தே பேச வேண்டும் என்ற கூச்சமும் இருக்காது, மாமியார் கதையில் இருந்து முழங்கால் வலி வரை எல்லாம் வரும். என் தோழிகள் இப்படிக் கிடைத்தவர்கள்தான். கீரை சாக்குதான், எனக்கு வேண்டியிருந்தது அந்த அரை மணி நேரம்.

விதைப்பெட்டி:
நான் நாற்றும் விதையும்தான் கொடுப்பேன். சமைத்தது அன்றோடு முடிந்துவிடும், ஆனால் பிரண்டையில் கணுவோடு ஒரு துண்டு கொடுத்தால் 'துளிர் விட்டிருக்கு, வந்து பாருங்க' என்று அவர்களே கூப்பிடுவார்கள். அவரையில் நல்ல நெற்றாக நாலைந்தைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றிக் காய விடுங்கள், அடுத்த ஆடிக்குக் கேட்டு வருவார்கள்.

நெல்லைக்காரி:
எல்லோருக்கும் நன்றி, படிக்கப் படிக்கத் தெம்பாக இருக்கிறது. துணி காயப்போட வரும் அம்மா ஒருவர் பிரண்டைப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார், நானும் சிரிப்பதோடு சரி. நாளைக்கு முறத்தோடு மேலே போகிறேன், அவருக்கு ஒரு துண்டும் ஒடித்துக் கொடுக்கிறேன். இன்னொன்று, அவரைக் கொழுந்தில் அசுவினிப் பூச்சி அப்பியிருக்கிறது, என்ன செய்யலாம்?

பேரூர் மாடி:
முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள், பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு சிட்டிகை காதி சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். அந்த அம்மாவிடமும் கேளுங்களேன், அவருக்கு ஏதாவது கைவைத்தியம் தெரிந்திருக்கும்.